பனிக்கு முன் சாமை விதை

ஐப்பசி மழை தணிந்து கார்த்திகை பிறந்தால் கொல்லிமலையில் காலைப்பனி இறங்கத் தொடங்கிவிடும். முற்றி நிற்கும் சாமையை அறுத்து அடித்துத் தொம்பையில் சேர்க்கும் அவசரமான சமயம் இது. அந்த அவசரத்தில் விதையைத் தனியே எடுக்கப் பலர் மறந்து, களத்தில் எஞ்சியதையே விதை என்று கட்டி வைத்துவிடுகின்றனர்.

நெல் விதை தீர்ந்தால் இராசிபுரத்தில் வாங்கலாம். கட்டவெட்டிச் சாமையோ, திரிகுலாச் சாமையோ, மல்லியச் சாமையோ தீர்ந்தால் எந்தக் கடையில் கிடைக்கும்? சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபின் மலையில் சாமைப் புனங்கள் சுருங்கிவிட்டன. மரவள்ளியை நாம் குறை கூறவில்லை. அது கைக்குப் பணம் தரும் பயிர். ஆனால் 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நமது மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதனை ஒடுக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட வேண்டியதாயிற்று. ஒரே பயிரை நம்பினால் நேரும் சங்கடம் இது.

ஆகவே அறுவடைக்கு முன்பே, வரப்போரத்தை விட்டு நடுப்புனத்தில், சாயாமல் ஒரே சீராக முற்றிய கதிர்களை விதைக்குத் தேர்ந்து தனியே அறுத்தல் வேண்டும். சாமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் வயலில் கலப்பது அபூர்வம். கலப்பு நேர்வது களத்தில்தான். எனவே விதைக் கதிரை முதலில் அடித்துவிட்டுப் பிறகு மற்றதை அடிக்கலாம். விதை பொறுக்குவதில் வீட்டுப் பாட்டிமாருக்குள்ள கண் அலுவலர்களாகிய நமக்குக் கிடையாது; அவர்களைக் கேட்பதே நல்லது.

காலை பத்து மணிக்கு மேல் விரித்து, மாலைப் பனிக்கு முன் அள்ளிவிட வேண்டும். கடித்தால் ‘நறுக்’கென உடைய வேண்டும், ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற்படலாகாது. சூடு ஆறியபின், சலித்த சாம்பல் கலந்து கட்டி வைக்கலாம். சித்திரையில் 100 மணிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பாருங்கள். 75-க்குக் குறைந்து முளைத்தால் அவ்விதையை நம்பலாகாது.

கொல்லை அவரைக்கும் இதே முறைதான்: நல்ல கொடியில் முதற்காய்களைப் பறிக்காமல் நெற்றாக விடுங்கள்.

ஏக்கருக்கு ஐந்து கிலோ சாமை விதை போதும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் குக்கிராமத்தில் எந்த வகை யாரிடம் உள்ளது என்று இந்த மாதமே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு வீடுகளிலாவது வைக்கச் செய்யவேண்டும். ஒரே வீட்டில் இருந்தால், அதை அழிக்க ஓர் எலி போதும்.