முதியோர்க்குக் கற்பிப்போர் பெறவேண்டிய பயிற்சி

கேள்வி: எங்கள் கிராமத்தில் முதியோருக்கு எழுத்தறிவிக்கும் தொண்டராகச் சேர்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் அளித்த சிறு பயிற்சியே போதுமா?

பதில்: போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். குழந்தைக்கு அட்சரம் போதிப்பதும், பல வருஷங்களாகக் குடும்ப பாரத்தைச் சுமந்து, பகலெல்லாம் வயலில் உழைத்து, நாலு பேர் முன்னிலையில் தவறிவிடுவோமோ என்ற கூச்சத்தோடு இரவில் வந்து அமரும் ஒரு தாய்க்கு அதையே போதிப்பதும் வெவ்வேறு காரியங்களாதலால், பின்னதற்குரிய சாமர்த்தியம் ஒரு முறை கேட்ட பிரசங்கத்தால் சித்திப்பதன்று.

1990-களில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில், கருத்தாளர்கள் எனப்பட்ட பயிற்சியாளர்கள் தொண்டர்களுக்குக் கட்டங்கட்டமாகப் பயிற்சி அளித்தது இவ்வுண்மையை உணர்ந்தே. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகியது அவ்வியக்கத்தின் பகுதியே. கற்பவரின் வாழ்க்கை எதை வேண்டுகிறதோ அதனோடு எழுத்தைப் பிணைப்பதே முதியோர் கல்வியின் ஜீவநாடி என்பதை அது நிரூபித்தது.

ஆகவே தாங்கள் அண்டைக் கிராமத் தொண்டர்களோடு மாதம் ஒரு முறையேனும் கூடி, யார் வகுப்புக்கு வராமல் நின்றார், எந்த எழுத்தில் தடுமாறினார், வெள்ளெழுத்தால் நேர்ந்த சிரமத்தை மந்தபுத்தி என்று கருதிவிட்டோமா என்றெல்லாம் மனம்விட்டு விவாதியுங்கள். ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து கவனியுங்கள். ரேஷன் அட்டையையும் பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் பாடமாக்கும் முறையைப் பரஸ்பரம் பகிர்ந்துகொள்ளுங்கள். மறுபயிற்சி முகாம்களை அதிகாரிகளிடம் தயங்காமல் கோருங்கள். தொண்டர் என்பதனால் அந்த உரிமை தங்களுக்குக் குறைந்துவிடுவதில்லை.