ஸ்கோப் பிடிக்க வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கு

1. இரைப்பையில் ஒரு மேடு தெரிந்தால் முதலில் இடத்தைப் பாருங்கள். பைலோரஸிலிருந்து ஐந்தாறு செ.மீ.க்குள், ஆன்ட்ரத்தின் பெருவளைவுப் பக்கம், வழவழப்பான சளிச்சவ்வு மூடி, நடுவில் தொப்புள் போல ஒரு குழி: இப்படி இருந்தால் இடம் மாறிய கணையத் திசுவை நினையுங்கள். அந்தக் குழிதான் நாளத்தின் வாய். பலருக்குக் குழி இருக்காது, அதனாலேயே விலக்கிவிடாதீர்கள்.

2. அது எப்படி அங்கே வந்தது என்று நோயாளி கேட்பார். கருவில் கணையம் இரண்டு மொட்டுகளாக முளைத்து, குடல் சுழலும்போது ஒன்றுசேர்கிறது. அப்போது ஒரு துணுக்கு குடல் சுவரிலேயே தங்கிவிடுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறவியிலேயே வந்தது, நீங்கள் சாப்பிட்ட எதனாலும் வந்ததல்ல என்று சொல்லுங்கள்.

3. பயாப்ஸியில் ‘சாதாரணச் சளிச்சவ்வு’ என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ஃபோர்செப்ஸ் மேலே உள்ள சளிச்சவ்வைத்தான் கிள்ளுகிறது. இந்தத் திசுவோ பெரும்பாலும் சளிச்சவ்வுக்கு அடியில், சில சமயம் தசை வரைக்கும் இறங்கிக் கிடக்கும். ஜிஸ்ட் கட்டியும் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் இதே தோற்றத்தில் வரும். சந்தேகம் தீராவிட்டால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் செய்து, எந்த அடுக்கிலிருந்து எழுகிறது, விளிம்பு எப்படி, உள்ளே நாளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

4. நோயியல் படிப்பவர்கள் ஹைன்ரிஷ் 1909-இல் இந்தத் திசுவுக்குச் செய்த வகைப்பாட்டை அறிந்திருக்க வேண்டும். அசினஸ், நாளம், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மூன்றும் இருந்தால் குழப்பமில்லை. தசைக்கு நடுவே நாளங்கள் மட்டும் சிதறிக் கிடக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன்தான் ஆபத்தானது. அதை ஊடுருவும் புற்றுநோய் என்று படித்துவிட்டால், ஒருவர் தேவையில்லாமல் இரைப்பையை இழப்பார். செல்களில் பிறழ்வு உண்டா, அமைப்பு மடல் மடலாக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகே வாய் திறங்கள்.

5. தொந்தரவு தராத, சந்தேகமும் இல்லாத சிறு மேட்டில் கை வைக்காதீர்கள். 0.5 முதல் 13.7 சதவீதம் பேருக்கு இது இருந்ததாகப் பிரேதப் பரிசோதனைக் கணக்குகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இப்படியொன்று இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்தவர்கள்.

6. ஆனால் அதுவும் கணையம்தான். வீங்கும், நீர்க்கட்டி வைக்கும், புண்ணாகி ரத்தம் கசியும், பைலோரஸை அடைக்கும். மிக அரிதாகப் புற்றாகவும் மாறும். வளர்ந்தால், கசிந்தால், அடைத்தால் அகற்றத்தான் வேண்டும். மேலோட்டமாக இருந்தால் எண்டோஸ்கோபியிலேயே எடுக்கலாம். ஆழமானதை அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். வெறும் மேல்வயிற்று வலி என்றால், இதன்மேல் பழி போடும் முன் பித்தப்பைக் கல்லையும் ஹெலிகோபாக்டரையும் தேடுங்கள்.

7. ‘கட்டி’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், வீடே கலங்கும். ரிப்போர்ட்டில் இடம், அளவு, குழி எல்லாம் எழுதி, படமும் சேர்த்து அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் ஸ்கோப் பார்க்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.