இரட்டைப் பார்வையா? ஓரப் பார்வையையும் சோதியுங்கள்: முழுமையான வழிகாட்டி

கண்ணை அசைக்கும் தசைகளும் நரம்புகளும் நன்றாக இருந்தும் சிலருக்கு எழுத்து இரண்டாகத் தெரியும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் தீராது. அரிதான நிலைதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் இழப்பு பெரிது.

ஓரம் போனால் நடு ஏன் குழம்புகிறது?

இரு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்து மேலே அழுத்தினால், இடக்கண்ணில் இடப்பாதியும் வலக்கண்ணில் வலப்பாதியும் மறையும். முற்றிய நிலையில் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பொதுக் காட்சியே இருக்காது. அந்தப் பொதுக் காட்சிதான் கண்களை ஒரே இடத்தில் கட்டிவைக்கும் கயிறு. பலருக்கும் வெளித்தெரியாமல் சிறு மாறுகண் உண்டு. கயிறு அறுந்ததும் அது தலைகாட்டும். மிஞ்சிய இரு பாதிகளும் இடம் மாறி வழுக்கும்.

படி 1: ஒரு கண்ணை மூடுங்கள்

இரட்டை மறைந்தால் சிக்கல் இரு கண்களின் ஒத்துழைப்பில். மறையாவிட்டால் கண்புரை போன்ற வேறு காரணம் இருக்கலாம்.

படி 2: ஒரு வரியை வாசியுங்கள்

கண்கள் வெளிப்பக்கம் விலகினால் நடுவிலுள்ள எழுத்துகள் இரண்டாகும். உட்பக்கம் திரும்பினால் நடு எழுத்துகள் காணாமல் போகும். ஒரு கண் மேலேறினால் வரியே படிக்கட்டுபோல் உடையும். வாசிப்பவர் பாதியில் அடுத்த வரிக்கு இறங்கிவிடுவார். ஊசியில் நூல் கோக்கவும் நகம் வெட்டவும் தடுமாறுவோர் உண்டு; கிட்டத்தில் உற்றுப் பார்க்கும் பொருளுக்குப் பின்னால் இருப்பது அவர்களுக்கு மறைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ‘இரண்டாகத் தெரிகிறது’ என்பதைவிட இந்த விவரங்களே அவருக்கு வழிகாட்டும்.

படி 3: பக்கங்களைப் பாருங்கள்

வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவையுங்கள். ஒரு கண்ணை மூடி அவர் மூக்கையே பாருங்கள். திறந்த கண்ணின் காதுப் பக்கத்திலிருந்து அவர் விரலைக் கொண்டுவரட்டும். நடுவை நெருங்கிய பிறகே தெரிந்தால், கண் மருத்துவரிடம் ஓரப் பார்வையை அளக்கும் பெரிமெட்ரி சோதனை செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

படி 4: சிகிச்சை

புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை. அழுத்தம் நீங்கினால் பார்வை ஓரளவேனும் திரும்பலாம். தாமதம் அந்த வாய்ப்பைக் குறைக்கும். பிரிசம் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். பொதுக் காட்சி இல்லாத கண்கள் மறுபடி வழுக்கும். வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து வாசியுங்கள். மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வாந்தியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்து வந்தால், கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.