புகை கக்கும் துப்பாக்கியில் துல்லியம் உண்டா?

கேள்வி: கருமருந்துத் தோட்டா போட்ட பழைய காலத் துப்பாக்கிகளை வைத்து அமெரிக்காவில் இன்றும் குறிசுடும் போட்டி நடத்துகிறார்களாமே? அதில் எங்கிருந்து துல்லியம் வரும்?

பதில்: ஊதுவதில் இருந்து! விளையாட்டில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கழிவு. அது குழலுக்குள் காய்ந்து பொருக்குத் தட்டினால் அடுத்த ஈயக்குண்டு தடம் மாறும். அதனால் சுட்டதும் காலித் தோட்டாவை உருவிவிட்டு, பின்பக்கம் ஒரு சிறு குழாயைச் செருகி, நாலைந்து முறை நிதானமாக ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தில் பொருக்கு இளகிவிடும். ஈரத்துணி விட்டுத் துடைப்பவர்களும் உண்டு. வெயில் காலத்தில் ஊதியே வாய் வறண்டுவிடும்.

நியூ மெக்சிகோவின் ராட்டனில் 500 மீட்டர் தள்ளி நிற்கும் இரும்புச் செம்மறிக்கிடாயை இப்படித்தான் சாய்க்கிறார்கள். குண்டு போய்ச் சேரவே ஒன்றரை விநாடி பிடிக்கும். அதற்குள் காற்று புத்தி மாறினால் போச்சு.

ஆனால் கண் தப்பினால் துப்பாக்கி என்ன செய்யும்? 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின. அமெரிக்கர்களிடம் பின்பக்கம் தோட்டா போடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன். ஐரிஷ்காரர்களிடம் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ரிக்பி. 900 கஜத்தில் ஐரிஷ் வீரர் ஒருவர் நடுப்புள்ளியைத்தான் அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கில்! கிடைத்தது பூஜ்யம். நடுப்புள்ளிக்கு மதிப்பெண் 4. அயர்லாந்து தோற்றது 931-934 என்று, மூன்றே மூன்றில்.