நகையும் துப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

முன்னுரை

துப்பறியும் கதை என்றவுடன் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் நோக்குதல், ஐயுறுதல், சோதித்தல், முடிவு காணல் என்னும் நான்கும் நம் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் நிகழ்வனவே. இத்தகைய கதைகளில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் யாது, அவள் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை பிறக்கும் இடங்கள்

நகைச்சுவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நம் கதைகளை அளந்து பார்ப்போம்.

1985இல் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்' என்னும் இந்தித் தொடரில் பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்தபடியே துப்பறிவார். அவருடைய உதவியாளர் கிட்டியாக நடித்தவர் சுஷ்மிதா முகர்ஜி. கிட்டி ஏதேனும் சொல்ல, அவளை வாயை மூடச் சொல்லி அவர் அதட்டும் வசனம் நாடெங்கும் புகழ் பெற்றது. இங்கே நகை பிறந்த இடம் பேதைமை.

தமிழில் பட்டுக்கோட்டை பிரபாகர் படைத்த பரத் – சுசீலா இணையில் நிலைமை உயர்ந்தது. சுசீலா அறிவுள்ளவள், சுறுசுறுப்பானவள். அவளுடைய பனியனில் அச்சிட்ட குறும்பு வாசகங்கள் வாசகரிடையே பெயர் பெற்றவை. இங்கே நகை பிறந்த இடம் இளமை. எனினும் பெயர் வரிசையில் அவள் இரண்டாமவள்தான். சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா ஆகிய இணைகளிலும் ஆண் பெயரே முன் நிற்கிறது.

எள்ளி நகைக்கும் பெண்

பெண்ணே தலைமை ஏற்கும் தொடர் ஒன்றை அண்மையில் கண்டேன். கைபேசியில், ஆங்கில எழுத்துவரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்தே அதைப் புரிந்துகொண்டேன். 2025இல் மறைந்த ஆஸ்திரேலிய எழுத்தாளர் கெர்ரி கிரீன்வுட் 1989இல் தொடங்கிய நாவல் வரிசையே அதன் மூலம். 2012 முதல் 2015 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 34 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 'மிஸ் ஃபிஷர்' என்னும் ஃபிரைனியாக எஸ்ஸி டேவிஸ் நடித்துள்ளார்.

கதை நிகழ்வது 1920களின் இறுதியில், மெல்பர்ன் நகரில். ஃபிரைனி வறுமையில் பிறந்து, பின்னர்ச் செல்வம் பெற்றவள். சொந்தக் காரைத் தானே ஓட்டுகிறாள். 'இது போலீஸ் வேலை' என்று இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் தடுக்கும்போது, சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொல்லி உள்ளே நுழைந்துவிடுகிறாள். இங்கே நகை பிறந்த இடம் எள்ளல். தனக்கென நிற்க ஓர் இடம் உள்ளவரே அதிகாரத்தை எள்ள முடியும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் நம் நாட்டின் நிலை என்ன? பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 ஆக்கவே 1929இல் சாரதா சட்டம் தேவைப்பட்டது. பள்ளி செல்லாமல், சிறுமியாகவே மணம் முடிக்கப்பட்ட வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் சென்னையில் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். ஆக, நம் பெண்களிடம் அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதை வெளியிட ஓர் இடம்தான் வேண்டியிருந்தது.

செல்வம் இல்லாதவள் நிலை

ஃபிரைனிக்குப் பணம் இருக்கிறது, துணிகிறாள். இல்லாதவள் என்ன செய்வாள்? இதற்கு விடை டாட் என்னும் பாத்திரம். அவள் ஒரு வீட்டுப் பணிப்பெண். தொலைபேசியைத் தொடவும் அஞ்சுபவள். முதல் பகுதியில் எஜமானர் இறந்துபோக, ஐயம் அவள்மீதே விழுகிறது. ஃபிரைனி அவளைத் தன் துணையாகச் சேர்த்துக்கொள்கிறாள். டாட் வேடிக்கையாகப் பேசுபவள் அல்லள். ஆயினும் தையலிலும் வீட்டு வேலையிலும் பழகிய அவளுடைய கண் பிறர் காணாததைக் காண்கிறது. அவள் சொல்வதை ஃபிரைனி நின்று கேட்கிறாள்.

இந்த இடத்தில் என் தாயாரை நினைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். சட்டையைத் திருப்பி உட்தையலை விரலால் தடவியே, "ஊசி மழுங்கிடுச்சு, நூல் இழுக்குது" என்பார். ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு, "உன் வேலையைப் பாரும்மா" என்று விடை கிடைத்ததாம். பண்டல் பண்டலாகச் சட்டைகள் திரும்பி வந்த பிறகே ஊசியை மாற்றினார்கள். முதலில் கண்டறிந்தவர் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோக்கினார், ஐயுற்றார், முடிவு கண்டார். இவற்றைத்தான் நான் இப்போது பாடமாகப் படிக்கிறேன்.

முடிவுரை

கூரிய பார்வை ஏழை, பணக்காரர் என்று பார்த்து அமைவதில்லை. அந்தப் பார்வை துப்பாக மாறுவதற்கு, "நீ என்ன கண்டாய்?" என்று கேட்கும் ஒருவர் வேண்டும். கிட்டிக்கு அவர் கிடைக்கவில்லை, டாட்டுக்குக் கிடைத்தார். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வந்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகும் கனவோடு கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் தோழியர் நம்மிடையே பலர். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் அவர்களிடம் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் விடை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.