முதலில் அந்த டிராகனை முடி

ஏற்காடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வியும், ஸ்கைரிம் கேமை மாற்ற ரசிகர்கள் செய்த மோட்களின் பட்டியலும் கிடைத்தன. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே ஏரியை மேகம் மூடிவிடுகிறது, கரண்ட்டும் வந்து வந்து போகிறது. கடிதம் எழுதத் தோதான நாள்தான்.

ஸ்கைரிம் கிராஷ் ஆகிக்கொண்டே இருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுப் பட்டியலோடு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கிறாய். ஆரம்பி. ஆனால் பட்டியல் இல்லாமல் ஆரம்பி. கேமைச் செய்த பெதஸ்டா திருத்தாமல் விட்ட பிழைகளை ரசிகர்களே சரிசெய்து வெளியிட்ட அந்த ஒரு பேட்ச் மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் கதையை முடித்த பிறகு.

முகம் சுளிக்காதே, காரணம் சொல்கிறேன். உன் கணக்கில் நானூறு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. முக்கியக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுமார் முப்பது மணி நேரத்தில் அல்துயின் என்ற அந்த டிராகனை வீழ்த்திவிடலாம். நீயோ கைகள் கட்டப்பட்ட நிலையில் வண்டியில் ஹெல்கனுக்குப் போகும் அந்த முதல் காட்சியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அது சலித்துப்போய், அதைத் தாண்டவும் ஒரு மோட் போட்டிருக்கிறாய்! மரத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, ரொட்டித் துண்டு பளபளப்பாகத் தெரிய ஒன்று. மூட்டை கட்டுவதிலேயே பொழுது போய்விட்டது, பயணம் கிளம்பவில்லை.

எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் கடைசிச் சண்டைக்குப் போவேன் என்று போன தடவை இங்கே வந்தபோது சொன்னாய். அது நடக்காது. அந்த கேமில் வேலைகளைத் தானே உற்பத்தி செய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, ரேடியன்ட் என்பார்கள். திருடர் சங்கத்தில் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால், ஊரையும் வீட்டையும் மாற்றிப்போட்டு அதே வேலையை மறுபடியும் தரும். நீ அலுத்தாலும் அது அலுக்காது. எங்கே முடிப்பது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். முக்கியக் கதை, பிடித்த ஒரு சங்கத்தின் கதை, ஆசைப்பட்டால் வாம்பயர் பக்கம் ஒன்று. போதும். திறக்காத குகைகள் ஐம்பது மிச்சமிருந்தால் இருக்கட்டும்.

உன் பட்டியலில் ஒரு மோட் என்னை உறுத்தியது. கதையின் பிற்பகுதியில் ஒருவரைக் கொல்லச் சொல்லி உன்னை நெருக்குவார்கள். கொன்றால் மனம் ஒப்பாது. மறுத்தால் அதுவரை துணையாக நின்றவர்களே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். யாரென்று நான் சொல்லப்போவதில்லை. நீ இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இடத்தில் கோபப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர், ‘முடியாது, நான் சொல்வதை நீங்கள் கேளுங்கள்’ என்று எதிர்த்துப் பேச வழி செய்து ஒரு மோட் எழுதினார். நல்ல மோட். கதை எழுதியவர்களோடு ஓர் ஆட்டக்காரர் போட்ட சண்டை அது. ஆனால் நீ அந்தச் சங்கடத்தைப் படாமலேயே தீர்வை இறக்கி வைத்திருக்கிறாய். முதல் தடவை அங்கே நின்று திண்டாடு. இரண்டாம் தடவை மோட் போட்டு எதிர்த்துப் பேசு. அப்போதுதான் அதன் ருசி தெரியும்.

மோட் என்றாலே மாமாவுக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. ஒண்டிக்கடை பக்கம் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாஸ்டல் பையன்கள் வந்து குவிந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர்களை லேனில் இணைத்துக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். அந்தச் சத்தத்தில்தான் கடை வாடகை வந்தது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே ஒரு மோட் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. ஹாஃப் லைஃப் கேமின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்று இரண்டு மாணவர்கள் 1999இல் கட்டியது. வால்வ் நிறுவனம் அவர்களையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு, 2000இல் தனி கேமாகக் கடைக்குக் கொண்டுவந்தது. டோட்டாவும் அப்படித்தான், வார்கிராஃப்ட் 3இன் மேல் ரசிகர்கள் கட்டிய மேப்பாகத் தொடங்கியது. எனக்குச் சோறு போட்டது மோட். அதைப் பழிப்பேனா?

சரி, கதையை முடித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றுக்கு மோட் போடும்போது கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் கையை வைக்காதே. மோட் ஆர்கனைசர் என்ற கருவி ஒவ்வொரு மோட்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, கேமுக்கு மட்டும் எல்லாம் ஒன்றாக இருப்பதுபோல் காட்டும். பிடிக்காததை எடுத்துவிட்டால் மூல ஃபைல்கள் அப்படியே இருக்கும். இரண்டு மோட்கள் ஒரே பொருளைத் தொட்டால் வரிசையில் கடைசியாக நிற்பது சொல்வதுதான் செல்லும். உன் கேமில் ஒரே கிராமத்தை மூன்று மோட்கள் மாற்றி எழுதியிருக்கின்றன. வீட்டுச் சுவருக்குள் பைன் மரம் முளைத்ததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

கிராஷுக்கு நான் சந்தேகப்படும் காரணம் வேறு. ஸ்கிரிப்ட் ஓடும் மோட்களைப் பாதி ஆட்டத்தில் நீக்கியிருக்கிறாய். நீக்கினாலும் அவற்றின் தடயம் சேவ் ஃபைலுக்குள் தங்கிவிடும். இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் சேவ் ஃபைலை எப்படிக் காப்பாற்றுவது? அதனால்தான் பழையதை விடச் சொன்னேன். ஸ்டீமில் தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்தி வை. 2021 நவம்பரில் ஸ்கைரிமின் ஆண்டுவிழாப் பதிப்பு வந்தபோது, ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணைக் கருவியை நம்பியிருந்த மோட்கள் கூட்டத்தோடு நின்றுபோயின.

கடைசி வரியில் கூச்சத்தோடு ஒன்று எழுதியிருந்தாய், நம் ஏற்காட்டையே ஸ்கைரிமுக்குள் கொண்டுவர ஆசை என்று. எனக்குப் பிடித்தது அந்த வரிதான். ஆடுவதைவிட அடுக்கி வைப்பதில் உனக்கு மோகம் அதிகம். உன் கை எதையாவது செய்யத் துடிக்கிறது. மோட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டை பெதஸ்டா 2012இலிருந்தே இலவசமாகத் தருகிறது. நிக் பியர்ஸ் என்ற ஆஸ்திரேலியர், வழக்கறிஞராக இருந்தவர், அதை வைத்துக்கொண்டு 2015இல் ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ என்ற மோட்டை வெளியிட்டார். அதன் திரைக்கதைக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. 2021இல் அதுவே தனி கேமாக வந்தது. நம் ஆட்களையும் பார். டொரன்டோவிலிருந்து 2023இல் வந்த ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024இல் பாஃப்டா விருது வாங்கியது.

ஆகவே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏரியையும் பகோடா பாயிண்டையும் ஒரே மூச்சில் கட்டக் கிளம்பாதே. ஓர் அறை செய். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு மேசை. திறந்த வெளியைத் தொட்டால் மற்ற மோட்களோடு மோதும். மூடிய அறை யாரோடும் மோதாது. தரையில் நேவ்மெஷ் வரைய மறக்காதே. ஆட்கள் எங்கே கால் வைக்கலாம் என்று சொல்லும் முக்கோண வலை அது. அதை வரையாவிட்டால், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் உன்னோடு வருகிறவன் வாசலிலேயே பொம்மை மாதிரி நின்றுவிடுவான். அந்த அறைக்குள் ஒரு கிழவி நடந்து வந்து மேசையில் காபி வைக்கிற அளவுக்கு உன்னால் செய்ய முடிந்தால், அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. அடுத்தவர் செய்த மரம், வீடு, இசை எதை எடுத்தாலும் செய்தவரின் பக்கத்தில் அனுமதி என்று போட்டிருப்பதை முழுக்கப் படி. சிலர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், சிலர் கேட்டுவிட்டு எடு என்பார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். காசு வாங்காமல் கொடுத்தவர்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.

அதே மரியாதை நம் மலைக்கும் வேண்டும். சேர்வராயன் கோயில் குகையை முதல் இடமாகச் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். குனிந்து நுழைய வேண்டிய அந்த இருட்டு, கேமுக்கு என்றே அமைந்ததுபோல்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இருக்கும் சேர்வராயனும் காவேரியம்மனும் மலைவாழ் மக்கள் கும்பிடுகிற சாமிகள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் திரண்டு வரும். எலும்புக்கூடு எழுந்து வந்து வாள் வீசும் இடமாக அதை மாற்றினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? கோயிலைச் செய்தே ஆக வேண்டும் என்றால் என்னோடு வா, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்போம். அவர்கள் கூடாது என்றால் விட்டுவிடு. கிளியூர் அருவியைச் செய், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் மாமா