உப்பும் சர்க்கரையும்: பங்கான் மருத்துவமனை தரும் பாடம்

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவிற்குள் வந்தனர். மேற்கு வங்க எல்லையிலுள்ள பங்கான் முகாம்களில் காலரா பரவியது. அங்கிருந்த சிறிய அரசு மருத்துவமனையில் நோயாளிகள் தரையிலும் கிடத்தப்பட்டனர்.

காலராக் கிருமியின் நச்சே உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது என்பதைக் கல்கத்தா அறிஞர் சம்பு நாத் டே 1959இல் நிறுவியிருந்தார். இழந்த நீரை நரம்பின் வழியே ஏற்றுவதே அன்றைய சிகிச்சை முறையாகும். ஆனால், பங்கானில் அதற்கான உப்புநீர்க் கையிருப்பு விரைவில் தீர்ந்து வந்தது. பயிற்சி பெற்ற பணியாளரும் போதவில்லை.

குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது 1960களின் ஆய்வுகளில் தெளிவாகியிருந்தது. எனினும், வல்லுநர் மேற்பார்வையின்றி அதனைக் கையாள இயலுமா என்ற ஐயம் நீடித்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அத்துணிவை மேற்கொண்டார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. கரைசலை நோயாளிகளுக்குப் புகட்டியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே.

ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது இம்முறையே அதன் அடிப்படையாயிற்று. 2022இல் மறைந்த மகலனாபிசுக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

விலையுயர்ந்த கருவிகள் மட்டுமே மருத்துவ முன்னேற்றம் ஆகா. எளிய பொருளையும் தாயின் கையையும் நம்பிய திட்டமே இங்கு உயிர்களைக் காத்தது.